சட்டைப்பைக்குள் தேடப்படும் பாதுகாப்பு

நகரின் ஏதேனும் ஒரு தெருவில் சங்கிலிப் பறிப்பு நிகழ்ந்துவிட்டால் மறுநாளே ஒரு கோரிக்கை எழுகிறது. குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் அது தீர்மானமாகிறது. அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் அது பெருமூச்சாக வெளிப்படுகிறது. "போலீசார் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், சந்தேகப்படும்படி திரிகிறவனை நிறுத்திச் சோதித்தால்தான் இந்த ஊர் உருப்படும்" என்கிறார்கள். இவ்வாறு பேசுவோர் தீயவர் அல்லர். அதிகாலையில் கோலமிட வாசலுக்கு வந்த தாய் கழுத்துக் காயத்தோடு வீட்டுக்குள் திரும்பியதைக் கண்டவர்களின் அச்சம் பொய்யன்று. ஆயினும் அந்த அச்சத்துக்கு அவர்கள் கேட்கும் மருந்து நோயைத் தீர்க்காது என்பதும், அதன் கசப்பைக் குடிப்பவன் அதைக் கேட்டவன் அல்லன், வேறொருவன் என்பதும் என் துணிபு. இங்கே அதனை வழக்காடவே முற்படுகிறேன்.

முதலில் மூன்று செயல்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. ரோந்து ஒன்று, வாகனத் தணிக்கை மற்றொன்று, வழியே போகிறவனை நிறுத்தி, பையைக் கவிழ்த்து, சட்டைப்பைக்குள் கைவிட்டு, கைப்பேசியை வாங்கிப் பார்ப்பது வேறொன்று. ரோந்துக்கு எவரும் எதிரியல்லர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைத் தணிக்கையில் பிடிப்பதால் காக்கப்படும் உயிர்கள் பல. சீருடை அணிந்த காவலர் கைகாட்டினால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும், உரிமத்தைக் காட்ட வேண்டும் என மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. என் வழக்கு மூன்றாவதன் மேல்தான். இரண்டாவது மெல்ல மெல்ல மூன்றாவதாக உருமாறும்போது அதன் மேலும்தான்.

வேளச்சேரியில் வாழ்வோர்க்கு இவ்விவாதம் புதிதன்று. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் பெருங்குடியிலுள்ள பேங்க் ஆப் பரோடா கிளையும், பிப்ரவரி 20ஆம் நாள் கீழ்க்கட்டளையிலுள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளையும் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் கொள்ளையிடப்பட்டன. பிப்ரவரி 23 அதிகாலையில் வேளச்சேரி நேரு நகரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த ஐவரின் சாவு குறித்து மனித உரிமை அமைப்புகள் அன்றே கேள்விகள் எழுப்பின. அது தனியே பேசத்தக்கது. இங்கு நான் கேட்பது வேறு. அந்த வீட்டைக் காவல்துறை எவ்வாறு கண்டடைந்தது? காவல்துறை அன்று கூறியபடி, கண்காணிப்புக் கேமராவில் பதிவான ஒருவனின் உருவத்தைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் தகவல் தந்தார். தெருமுனைத் தடுப்பில் எந்தக் காவலரும் எந்தப் பையையும் கவிழ்த்து அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. இரு கொள்ளைகளுக்கும் இடைப்பட்ட நான்கு வாரங்களில் சென்னையில் இரவுச் சோதனைகள் நடைபெறாமலா இருந்தன?

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் இதே வட்டாரம். 2025 மார்ச் 25 காலை, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள், வேளச்சேரிச் சுற்றுவட்டாரம் உட்படத் தென்சென்னையின் ஆறு இடங்களில் பெண்களின் கழுத்துச் சங்கிலிகள் பறிக்கப்பட்டன. வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வந்து, வேலையை முடித்து, விமானத்திலேயே திரும்ப முயன்றவர்கள் அவர்கள். அன்றே விமான நிலையத்தில் இருவர் பிடிபட்டனர். மூன்றாமவன் ஆந்திரத்தில் ரயிலில் அகப்பட்டான். பிடிபட்ட இருவருள் ஒருவன் மறுநாள் அதிகாலை தரமணி அருகே காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். நீதிமன்றத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒன்று தண்டவாளத்தருகே முடிந்தது என்பதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர்களைப் பிடிக்க உதவியவை கேமராப் பதிவுகளும், அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்த துப்பறிவும், விமான நிலையத்துக்கு உடனே சென்ற செய்தியுமே. இரு சக்கர வண்டியில் முறையாகத் தலைக்கவசம் அணிந்து வரும் தொழில்முறைக் கள்வனைத் தடுப்புக்கருகே நிற்கும் காவலர் வணக்கம் சொல்லி அனுப்பியிருப்பார். அவர் நிறுத்தியிருக்கக்கூடியவன் பின்னால் வந்த பெயின்டர்.

இது நம்மூர்க் காவலரின் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டா. உலகின் மிகப் பெரிய நகரங்கள் இச்சோதனையைப் பெரும் அளவில் செய்து பார்த்துவிட்டன. நியூயார்க் மாநகரக் காவல்துறை 2011ஆம் ஆண்டில் மட்டும் 6,85,724 முறை மக்களைத் தெருவில் நிறுத்தியதாகத் தானே கணக்குக் காட்டியது. அவ்வாறு நிறுத்தப்பட்டோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மீது கைதும் இல்லை, வழக்கும் இல்லை. பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். 2004 முதல் 2012 வரையிலான நாற்பத்து நான்கு இலட்சம் நிறுத்தங்களை நீதிமன்றம் ஆராய்ந்தபோது, உடலைத் தடவிச் சோதித்த நிகழ்வுகளில் ஆயுதம் கிடைத்தது நூற்றுக்கு ஒன்றரை முறை மட்டுமே எனத் தெரியவந்தது. 2013 ஆகஸ்ட்டில் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின் இம்முறை அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். சோதனையைக் குறைத்தால் கொலைகள் பெருகும் என்று மேயரும் காவல்துறைத் தலைவரும் எச்சரித்தனர். நடந்தது என்ன? 2017இல் பதிவான நிறுத்தங்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவு. கொலைகளோ 2011இல் 515 ஆக இருந்தவை 2017இல் 292 ஆயின. நிறுத்தத்தைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது எதிர்த்தரப்பு செய்யும் பிழையை நானும் செய்வதாகும். ஆனால் சோதனைதான் கொலையைத் தடுத்து நிறுத்தியிருந்தது என்னும் வாதம் அந்த எண்களின் முன் நிற்க இயலாது.

லண்டன் நகரில் 2008 முதல் 2011 வரை கத்திக் குற்றங்களுக்கு எதிராகப் பெருஞ்சோதனை நடத்தினர். ஆயுதம் தேடும் சோதனைகள் மும்மடங்குக்கும் மேலாகப் பெருகின. சோதனை மிகுதியாகப் பெருகிய வட்டாரங்களையும் சிறிதளவே பெருகிய வட்டாரங்களையும் அந்நாட்டு உள்துறையே பின்னர் ஒப்பிட்டு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. குற்றக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் அந்த ஆய்வு காணவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்காமல் வைக்கிறேன். 2023இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளின் நாற்பது ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. காவலர் குறிப்பிட்ட இடங்களில் நின்று வழிப்போக்கரை நிறுத்தும் திட்டங்களால் அந்த இடங்களில் குற்றம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது என்பது அதன் முடிவு. இதைப் படித்தவுடன், "பார்த்தீர்களா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதே ஆய்வு அடுத்த பக்கத்திலேயே மற்றொன்றையும் கூறுகிறது. நிறுத்தப்பட்டவர்களிடம் மனநலக் கேடும் உடல்நலக் கேடும் மிகுதி. காவல்துறை மீதான நம்பிக்கை தாழ்வு. அது மட்டுமன்றி, நிறுத்தப்பட்ட இளைஞர்கள் பின்னாளில் குற்றச் செயல்களில் ஈடுபடுவதும் மிகுதி. குற்றம் மலியும் இடங்களில் காவலர் வெறுமனே கண்ணில் படும்படி இருப்பது, மக்களோடு சேர்ந்து பிரச்சினைகளைத் தீர்ப்பது போன்ற பிற வழிகளால் இதே பயனை இக்கேடுகள் இன்றிப் பெறலாம் என்பதே அந்த ஆய்வாளர்களின் அறிவுரை. சீருடை அங்கே நிற்பதுதான் கள்வனை விலக்குகிறது. ஏழையின் சட்டைப்பைக்குள் நுழைந்த கை அதற்கு எதையும் கூட்டவில்லை.

அந்த ஏழை யார் என்பதை நாம் அறிவோம். விஜயநகர் பேருந்து நிலையத்தில் இரவு பதினோரு மணிக்குத் தோளில் கறைபடிந்த பையோடு நிற்பவன் அவன். நூறடிச் சாலையில் கடைசி உணவுப் பொட்டலத்தைச் சேர்க்க விரைபவன் அவன். கட்டட வேலை முடிந்து ஐவராகச் சேர்ந்து நடந்து வரும் ஒடிசாக்காரன், பீகார்க்காரன், ஜார்க்கண்ட்காரன் அவன். இரவுப் பணி முடித்து வாடகைக் காரில் வீடு திரும்பும் கணினிப் பொறியாளரை யாரும் இறக்கிச் சோதிப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் பைக்குள் யாரும் கைவிடுவதில்லை. ஆகையால்தான் "நிறுத்திச் சோதியுங்கள்" என்னும் சொல் நம் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வருகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அப்பால் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேற்றினார்கள். பின்னர் பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காகக் கட்டினார்கள். அங்கிருந்து வேலை தேடிப் போகும் இளைஞன் தன் முகவரியைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவரின் முகம் மாறுகிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் "எந்த ஏரியா?" என்பதே முதற்கேள்வி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கார்த்திகா என்னும் பெண் ஆடினாள். கண்ணகி நகரின் பிள்ளை. அந்த ஒரு வாரம் மட்டும் ஊடகங்கள் அவ்வூர்ப் பெயரைத் தலைநிமிர்ந்து உச்சரித்தன. அதற்குப் பின்னும் அவ்வூர்ப் பையன் இரவில் நிறுத்தப்பட்டால், முகவரியைக் கூறுவதா விழுங்குவதா என்று அவன் ஒரு கணம் தயங்கத்தான் செய்வான். அத்தயக்கமே அவன் மேல் சந்தேகத்துக்குப் போதிய காரணமாகிவிடும்.

அவ்வூருக்குக் கண்ணகியின் பெயரைச் சூட்டியவர் அதன் முரணை எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கோவலன் மதுரைக்கு அந்நியன். கையில் விலையுயர்ந்த சிலம்பு. அது எங்கிருந்து வந்தது என்று கூற அருகில் சாட்சி இல்லை. ஊர்காவலரில் சிலர், இவன் தோற்றம் கள்வனுடையதாக இல்லையே என்று தயங்கவும் செய்தனர். கள்வரின் தந்திரங்களைப் பற்றிப் பொற்கொல்லன் நீண்டதொரு விரிவுரை ஆற்றி அத்தயக்கத்தைக் கரைத்தான். வாளை வீசியவனோ கல்லாத களிமகன் ஒருவன். இளங்கோவடிகள் இக்கதையைக் கூறிப் பல நூற்றாண்டுகள் ஆயின. கண்ணகி அரசவையில் கேட்டது கருணையை அன்று, விசாரணையை. சிலம்பை உடைத்துப் பார்க்கச் செய்தாள்; உள்ளே இருந்த பரல்கள் வழக்கைத் தீர்த்தன. அந்தச் சோதனையை முதலில் செய்திருந்தால் மதுரை எரிந்திராது.

நம் மறைக்கும் இதில் ஓர் இடமுண்டு. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவைச் சுற்றி நின்றோர் அடையாளம் கண்டது அவருடைய கலிலேயப் பேச்சினால்தான் என்று மத்தேயு எழுதுகிறார். இன்று வேளச்சேரியின் தேநீர்க் கடையில் நிற்கும் வடமாநிலத் தொழிலாளியையும் காட்டிக்கொடுப்பது அவன் பேச்சே. 2012 நிகழ்வுக்குப் பின் வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தரும்படி வீட்டு உரிமையாளர்கள் பணிக்கப்பட்டனர். வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தார்கள். வீடு தர மறுத்தவர்களும் பலர். ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வரும் பழங்குடி மக்களுள் ஞாயிறு தோறும் நம்மோடு அதே பந்தியில் பங்கேற்போரும் உண்டு. கோவிலுக்குள் அவரைச் சகோதரர் என்கிறோம். வெளியே வந்ததும் "இவனையெல்லாம் செக் பண்ணணும் சார்" என்கிறோம்.

"தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்? இரண்டு நிமிடச் சோதனையில் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பார்கள். இரண்டு நிகழ்வுகளைக் கூறுகிறேன். 2018 ஜனவரியில் தரமணி அருகே, ராஜீவ் காந்தி சாலையில், இருக்கைப் பட்டை அணியவில்லை என்று நிறுத்தப்பட்ட ஓர் இளம் வாடகைக் கார் ஓட்டுநர், காவலர் தம்மை இழிவாகப் பேசி அடித்ததாகக் கூறித் தம் உடலில் தாமே தீ வைத்துக்கொண்டு மாண்டார். நம் வீடுகளிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம் அது. 2022 ஏப்ரல் 18 இரவு கெல்லீஸ் அருகே வாகனத் தணிக்கையில் ஓர் ஆட்டோவை நிறுத்தினார்கள். கஞ்சாவும் கத்தியும் இருந்ததாகக் கூறி இருவரைப் பிடித்தனர். அவருள் ஒருவர் மெரினாவில் குதிரைச் சவாரி நடத்திப் பிழைத்துவந்த இருபத்தைந்து வயது இளைஞர். மறுநாள் தலைமைச் செயலகக் குடியிருப்புக் காவல் நிலையத்தின் பிடியில் அவர் இறந்தார். உடற்கூறு ஆய்வு அவர் உடலில் 13 காயங்களைப் பதிவு செய்தது, வழக்கு கொலை வழக்காக மாற்றப்படுவதாக முதலமைச்சரே சட்டப்பேரவையில் அறிவிக்க நேர்ந்தது, காவலர்கள் கைதாயினர். எல்லா நிறுத்தங்களும் இவ்வாறு முடிவதில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் இவ்விரண்டும் ஒரு சாதாரண நிறுத்தமாகவே தொடங்கின.

சாவில் முடியாத நிறுத்தங்களுக்கும் விலையுண்டு. அதை நாம் காண்பதில்லை. ஒரு நகரத்தின் இரவை அறிந்தவர்கள் யார்? வாயிற்காவலர், ஆட்டோ ஓட்டுநர், தேநீர்க் கடைப் பையன், துப்புரவுப் பணியாளர், உணவு கொண்டுசெல்பவர், பாதையோரத்தில் உறங்குபவர். எந்த வீட்டில் புதியவர்கள் நள்ளிரவில் பெட்டிகளை இறக்குகிறார்கள், எந்த வண்டி மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது என்பதை ஆணையர் அலுவலகத்துக்கு முன்னரே அறிந்தவர்கள் அவர்கள். குற்றம் துலங்குவது பெரும்பாலும் யாரோ ஒருவர் கண்டு கூறியதனால்தான். 2012இல் இதே வேளச்சேரியில் அதைக் கண்டோம். இரவுச் சோதனையில் சட்டையைப் பிடித்து நிறுத்தப்படுபவர்களும் இதே மனிதர்கள்தாம்! சென்ற வாரம் அத்தனை பேர் முன்னிலையில் "எங்கடா போற?" என்று கன்னத்தில் அறை வாங்கியவன், இந்த வாரம் ஒரு பூட்டு உடைபடும் ஓசையைக் கேட்டால் நூறு என்னும் எண்ணை அழுத்துவானா? தலையைக் குனிந்துகொண்டு போவான். நாளை நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருவானா? வரமாட்டான். கள்வனைக் காட்டித் தரக்கூடிய கண்களை நாமே ஒவ்வொன்றாகக் குருடாக்கிவிட்டு, பின்னர்க் கேமராவுக்கு வசூல் செய்கிறோம்.

இந்தச் சந்தேகக் கண்ணுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் பிறப்பைக் கொண்டே மனிதரைக் குற்றவாளியாக்கியது. சென்னை மாகாணத்தில் அது 1911க்குப் பின் விரிந்தபோது கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றார்கள். சட்டம் போயிற்று, சந்தேக கேஸ் போகவில்லை. நன்னடத்தைப் பிணை வாங்கும் நீதித்துறை சார்ந்த அதிகாரத்தையே 2013, 2014 ஆண்டுகளின் அரசாணைகள் காவல் துணை ஆணையர்களின் கையில் கொடுத்தன. பிடிப்பவரே பிணை கேட்டு, மீறினால் சிறைக்கும் அனுப்பும் நிலை. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அவ்வாணைகள் செல்லாவென்று கூறியது. பழைய கைரேகையின் இடத்தில் இப்போது கைப்பேசிக் கேமரா நிற்கிறது. 2017இல் தியாகராய நகரின் பண்டிகைக் கூட்டத்தில் முகம் அறியும் செயலியை முயன்று பார்த்தார்கள். பின்னர் அத்தகைய மென்பொருள் மாநிலமெங்கும் சென்றது. இன்று இரவில் நிறுத்தப்படுபவனின் முகத்துக்கு எதிரே கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. 2024 மே மாதத்தில் அந்தத் தளத்துக்குள்ளேயே அயலார் புகுந்து தகவல்களை எடுத்த செய்தியும் வந்தது. பூட்டுப் போட வந்தவர்களின் பூட்டே உடைந்த கதை.

சட்டம் என்ன கூறுகிறது? 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமாயினும், அதற்கு முன்பிருந்த 1973ஆம் ஆண்டின் சட்டமாயினும், சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும் என்பதே அவற்றின் நெறி. விசாரணையில் ஓர் இடத்தைச் சோதிக்கப் புகும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். புதிய சட்டம் சோதனையை ஒலி ஒளிப் பதிவு செய்யவும் கட்டளையிடுகிறது. போதைப்பொருள் வழக்கிலோ, சோதிக்கப்படுபவர் விரும்பினால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்குமாறு கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காவலர் அவருக்கு எடுத்துரைத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2010இல் வலியுறுத்தியது. தெருவிளக்கின் கீழ் இந்த உரிமையை யார் யாருக்கு எடுத்துரைக்கிறார்கள்?

நான் காவலர்க்கு எதிரியாக இதை எழுதவில்லை. புகையிலும் தூசியிலும் விடியும்வரை நிற்கும் அந்த இரண்டாம்நிலைக் காவலரும் நம் பங்குகளின் பிள்ளையாக இருக்கலாம். அவரிடம் மேலதிகாரி கேட்பது எண்ணிக்கையை: இத்தனை வண்டிகள், இத்தனை பேர், இத்தனை பெட்டி கேஸ். மறுநாள் காலை, ஒரே இரவில் இத்தனை ஆயிரம் வாகனங்கள் சோதனை என்று செய்தி வெளிவந்ததும் நாமும் நிம்மதி அடைகிறோம். எத்தனை பேரிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அச்செய்தியில் எவரும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை. மீனவனின் திறமையை அவன் வலை வீசிய தடவைகளைக் கொண்டு அளப்பார் உண்டோ?

இங்கிலாந்தில் 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பகுதியில் சில நாள்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள். 118 பேர் கைதாயினர். அதைத் தொடர்ந்து அவ்வூர் மூன்று நாள் பற்றி எரிந்தது. ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை அறிக்கைக்குப் பின் 1984இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி காவலர் தம் பெயரையும் நிலையத்தையும் கூற வேண்டும். எதைத் தேடுகிறார், ஏன் இவரைச் சந்தேகிக்கிறார் என்று கூற வேண்டும். அதைப் பதிவு செய்து, சோதிக்கப்பட்டவர் கேட்டால் அதன் படியைத் தர வேண்டும். அச்சட்டத்தால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. கறுப்பினத்தவரே இன்றும் மிகுதியாக நிறுத்தப்படுகிறார்கள். ஆனால் அந்த உண்மையே அந்தப் பதிவுச் சீட்டுகள் இருப்பதால்தான் உலகுக்குத் தெரிகிறது. நம்மூரில் தலைக்கவசம் இல்லாமைக்கு அபராதம் விதித்தால் கைப்பேசிக்கு உடனே ரசீது வந்துவிடுகிறது. ஒரு மனிதனின் உடலைத் தடவிப் பார்த்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஆகவே நம் நலச் சங்கங்கள் தீர்மானம் இயற்றட்டும். ஆனால் வேறு தீர்மானம். ரோந்தைக் கேட்போம்: ஒரே காவலர் ஒரே பகுதியில் நெடுநாள் பணியாற்றி, வாயிற்காவலரின் பெயரும் தேநீர்க் கடைக்காரரின் பெயரும் அறிந்திருக்கும்படி கேட்போம். ரயில் நிலையத்திலிருந்து உட்தெருக்கள்வரை தெருவிளக்குகளைக் கேட்போம். சங்கிலி பறிகொடுத்த பெண் புகார் தரச் சென்றால் இழுத்தடிக்காமல் அன்றே முதல் தகவல் அறிக்கை பதியும்படி கேட்போம். நிறுத்திச் சோதித்தால் காரணமும் நேரமும் காவலர் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றைத் தரும்படி கேட்போம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றைச் செய்யலாம். கடந்த ஓராண்டில் வேளச்சேரிக் காவல் நிலைய எல்லைக்குள் சாலையில் நிறுத்திச் சோதிக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேரிடம் குற்றத்துக்குரிய பொருள் கிடைத்தது, அவற்றுள் எத்தனை வழக்குகள் தண்டனையில் முடிந்தன என்னும் மூன்று கேள்விகளை எழுத அரைப்பக்கத் தாள் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அம்மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் விடை வர வேண்டும். அப்படிப்பட்ட கணக்கே நிலையத்தில் வைக்கப்படவில்லை என்று பதில் வருமானால், அந்தக் கடிதத்தை அடுத்த சங்கக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.